மணிக்கு இருபது மில்லி

சேக்காடு, ஆவடி
11.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபெபி எழுதுகிறேன். தோத்திரம். உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? பிப்ரவரியில் மனு போட்டு வந்து பார்த்தபோது வீங்கியிருந்தது. அங்கே டாக்டரிடம் காட்டினீர்களா?

மார்ச் ஒன்றாம் தேதி ஹைகோர்ட்டில் நம் அப்பீல் எடுக்கப்படவில்லை. ஜூனுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று வக்கீல் போன் செய்தார். உங்களுக்கும் தகவல் வந்திருக்கும்.

அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. போன திங்கட்கிழமை அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். லெந்து நாட்கள், உபவாசம் என்று சரியாகச் சாப்பிடாமல் பலவீனமாகிவிட்டாள். திருமுல்லைவாயிலிலிருந்து ராஜம்மா பெரியம்மா வந்து பகலில் கூட இருக்கிறார்கள். நான் மண்ணூர்பேட்டை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். பயப்பட வேண்டாம்.

நீங்கள் போனில் கூப்பிட வேண்டாம். ஆஸ்பத்திரிக்குள் எடுக்க முடிவதில்லை. எடுத்தாலும் அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு ஒன்றும் சொல்ல வராது. எழுதுகிறேன்.

உங்கள் மகள்,
ஃபெபி


மத்திய சிறை, கடலூர்
18.3.2024

அன்பு மகள் ஃபெபிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் தயவில் நான் நலமாக இருக்கிறேன். முட்டிக்குத் தடவ எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள். தோட்ட வேலையில் குனிய வேண்டியிருப்பதால் வலி முழுதாகப் போகவில்லை, அவ்வளவுதான். உன் கடிதம் சனிக்கிழமை கைக்கு வந்தது.

அம்மா ஏன் சாப்பிடாமல் இருந்தாள்? வருஷா வருஷம் லெந்துக்கு ஒருவேளை விடுவாள். இப்படி ஆனதில்லையே. சரி, அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இப்போது உடம்பைத் தேற்றும் வழியைப் பார். ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடு. கேழ்வரகுக் கஞ்சியில் நெய் விட்டுக் கொடு. போதும் போதும் என்பாள், விடாதே.

தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரரை ஒரே ஒரு தள்ளுத் தள்ளினேன். அவர் தலை தொட்டி விளிம்பில் பட்டது, உயிர் போய்விட்டது. அதற்கு ஏழு வருடம் எனக்கு. இரண்டு முடிந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இருவரும் எனக்கும் சேர்த்து அங்கே கழிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. உன் சாப்பாட்டையும் கவனி. பெரியம்மாவுக்கு என் வந்தனம்.

அப்பா,
கிறிஸ்துதாஸ்


ஆஸ்பத்திரி, அம்பத்தூர்
27.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் நன்றாக இருக்கிறேன். பெரியம்மாவும் நலம்.

அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். முதல் கடிதம் எழுதியபோதும் அங்கேதான் இருந்தாள். மன்னித்துவிடுங்கள். சேர்த்த அன்று வலிப்பு வந்தது. இதயம் ஒரு முறை நின்று திரும்ப ஓடியது. மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். சாப்பாடு மூக்கு வழியாகக் குழாயில் போகிறது.

சாப்பாட்டு விஷயத்தைப் பார்ப்பவர் டயட்டீஷியன் கிருஷ்ணப்பிரியா. என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். முதல் நாளே என்னை உட்காரவைத்து, “கடைசியா எப்போ ஒழுங்கா சாப்ட்டாங்க?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காலை ஆறரைக்கு எனக்கு டப்பா கட்டிக் கொடுப்பாள். இரவு எட்டு மணிக்கு நான் திரும்பி வந்தால் சோறு போடுவாள். “நீ சாப்ட்டியா?” என்று கேட்டால், “ஆச்சுடி” என்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. பெரியம்மாவிடம் அம்மா சொல்லியிருந்ததை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஜனவரி கடைசியில் ஒருவேளைச் சாப்பாடாகக் குறைத்திருக்கிறாள். அப்புறம் இருபது நாளுக்கு மேல் தண்ணீரும் பால் இல்லாத டீயும்தான்.

இப்போது உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும், கோபப்படாமல் படியுங்கள். முதலில் அம்மாவுக்கு மணிக்கு இருபது மில்லிதான் கொடுத்தார்கள். இருமல் மருந்தின் மூடியில் இரண்டு மூடி. நானும் சண்டை போட்டேன், பட்டினியால் வந்தவளை இன்னும் பட்டினி போடுவதா என்று. கிருஷ்ணப்பிரியா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்பு அதுக்குப் பழகிடும்மா. திடீர்னு நிறையச் சாப்பாடு போனா, ரத்தத்துல மிச்சம் இருக்கற கொஞ்ச உப்புச் சத்தையும் உடம்பு இழுத்துக்கும். அப்புறம் இதயத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. சாப்பாடே ஆளக் கொன்னுடும்.”

அதனால் தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, வைட்டமின் ஊசி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நடுவில் ஒரு வாரம் ரத்தத்தில் ஏதோ குறைந்தது என்று பழையபடி இறக்கிவிட்டார்கள். இப்போது மணிக்கு முப்பது.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் வீட்டில் நடந்ததைப் பிறகு எழுதுகிறேன்.

ஃபெபி


கடலூர்
5.4.2024

ஃபெபிக்கு,

இங்கே சுகம். முப்பது மில்லியில் ஒரு பூனைக்குட்டி பிழைக்குமா? எந்த ஊர் வைத்தியம் இது? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்று. முடியாவிட்டால் நர்ஸ் யாரையாவது கெஞ்சி அந்தக் குழாயில் ஒரு டம்ளர் பால் ஊற்றச் சொல். உன் அம்மாவைப் பற்றி அவர்களைவிட எனக்குத் தெரியும். முப்பது வருடம் அவள் கையால் சாப்பிட்டவன் நான்.

ஈஸ்டருக்கு இங்கே ஆராதனை நடந்தது. பாட முடியவில்லை, வெளியே வந்து நின்றுகொண்டேன்.

உடனே பதில் போடு.

அப்பா


அம்பத்தூர்
14.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நீங்கள் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

பால் ஊற்றச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் பெரியம்மா செய்யப் பார்த்தார்கள். போன செவ்வாய்க்கிழமை மூச்சு மெஷினை எடுத்துவிட்டார்கள். அம்மா கண் திறந்தாள். அந்தச் சந்தோஷத்தில் பெரியம்மா மறுநாள் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து, நோயாளியைப் பார்க்க விடுகிற நேரத்தில் ஸ்பூனை அம்மா உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஃபிளாஸ்க்கைப் பிடுங்கிக் கஞ்சி முழுவதையும் வாஷ்பேசினில் கொட்டினேன்.

“பெத்த தாய்க்கு வாய்ல ஊத்தவந்த கஞ்சிய கொட்றியே, நீ இன்னா பொண்ணுடி?” என்றார்கள். அந்த ஹாலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. கிருஷ்ணப்பிரியா வந்து, இத்தனை நாள் தொண்டைக்குள் குழாய் இருந்ததால் அம்மாவுக்கு இன்னும் விழுங்கத் தெரியாது, வாயில் கொடுத்தால் நெஞ்சுக்குள் போய் நிமோனியா ஆகிவிடும் என்று அவர்களுக்கு விளக்கினார். பெரியம்மா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் வரவில்லை.

இப்போது நான் மட்டும்தான். அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கட்டிலின் தலைமாட்டை எப்போதும் உயர்த்தி வைத்திருக்க வேண்டும், குழாய்ச் சாப்பாடு முடிந்ததும் அதில் தண்ணீர் விட வேண்டும். பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். மணிக்கு அறுபது போகிறது.

அம்மா என்னைப் பார்க்கிறாள். இன்னும் பெயர் சொல்லவில்லை.

ஃபெபி


கடலூர்
8.5.2024

அன்பு மகளுக்கு,

நான் நலம். மூன்று வாரத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு முறை போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே தபால் கொடுக்கிறவர் என் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார். கெட்ட செய்தி என்றால் தந்திபோல் ஒரு வரியாவது எழுதிவிடு.

சாப்பாட்டு மணி அடித்தால் தட்டோடு போய் நிற்கிறேன். போட்டதைச் சாப்பிடுகிறேன். சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

போன மாதம் கோபத்தில் எழுதிவிட்டேன். மனதில் வைக்காதே.

அப்பா


சேக்காடு
16.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். அம்மா உயிரோடு இருக்கிறாள். வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. குழாயை எடுத்துவிட்டார்கள். குழைந்த சாதம், மசித்த பருப்பு, இட்லி எல்லாம் விழுங்குகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். எடை முப்பத்து நாலு கிலோ.

வீட்டில் நடந்ததை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை எழுத முடியாமல்தான் எதையுமே எழுதவில்லை.

மார்ச் ஒன்று, வெள்ளிக்கிழமை. நான் கம்பெனியிலிருந்து வந்தபோது அம்மா சமையலறையில் தரையில் கிடந்தாள். அடுப்பில் எனக்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. தூக்கியபோதுதான் தெரிந்தது, கையில் கனமே இல்லை. இத்தனை நாள் புடவைக்குள் இருந்ததை நான் பார்க்கவில்லை. சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லடி. கேஸு தள்ளிப் போச்சாமே. அதுவரைக்கும் தாங்கிக்குவேன்” என்றாள். ஜூன் வரைக்கும்.

நான் என் தட்டைத் தள்ளிவிட்டு, “நீ சாப்டலன்னா நானும் தண்ணிகூட குடிக்க மாட்டேன்” என்றேன். தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள், நான் தொடவில்லை. அப்புறம் வாயைத் திறந்தாள்.

குளுகோஸ் பவுடர் கரைத்து மூன்று டம்ளர் கொடுத்தேன். சர்க்கரை போட்டுக் கஞ்சி. சனிக்கிழமை வாழைப்பழம், பேரீச்சம்பழம், பேக்கரியிலிருந்து தேங்காய் பன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் திராட்சை ஜூஸும். எல்லாம் நானே ஊட்டினேன். “போதும்டி, முடியல” என்பாள். இன்னும் ஒரு வாய் என்பேன், வாங்கிக்கொள்வாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் கால் வீங்கியது. சுவர் ஆடுகிறது என்றாள். அவள் கண்தான் ஆடிக்கொண்டிருந்தது. களைப்பு என்று படுக்கவைத்தேன். திங்கட்கிழமை காலையில் வலிப்பு.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது கஞ்சி கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். டிஸ்சார்ஜ் அன்றுதான் கிருஷ்ணப்பிரியாவிடம் முழுவதும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முதலில் வைட்டமின் பி-ஒன் ஊசி போட்டுவிட்டுத்தான் சர்க்கரை கொடுத்திருக்க வேண்டும், அது இல்லாததால் மூளையில் ஞாபகம் இருக்கிற இடம் அடிபட்டிருக்கிறது என்றார். “வீட்ல இருக்கறவங்களுக்கு இது தெரிய வழியே இல்ல, ஃபெபி” என்றும் சொன்னார். நான் மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மா இப்போது என் பெயரைச் சொல்கிறாள். பாட்டெல்லாம் பாடுகிறாள். ஆனால் இந்த இரண்டு வருடம் அவளிடம் இல்லை. காலையில் நடந்தது மதியம் இல்லை. தினமும் கேட்கிறாள், “அப்பாக்கு இன்னிக்கி இன்னா ஷிஃப்ட்டு?”

செய்தது நான்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுதினேன்.

ஃபெபி


கடலூர்
25.5.2024

என் மகளே,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். நீ செய்தது ஒன்றுமில்லை. பசித்தவளுக்குச் சோறு போட்டாய்.

நான் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். அவள் ஏன் சாப்பிடவில்லை என்று மார்ச் மாதத்தில் தெரியாதவன்போலக் கேட்டு எழுதினேன். தெரியும். ஜனவரியில் அம்மாவுக்கு ஒரு கடிதம் போட்டேன். என்னோடு இருந்த இன்னொருவருக்கு அப்பீலில் விடுதலையான நேரம் அது. அவர் மனைவி உபவாசமிருந்து ஜெபித்தாள் என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்கு வயிறெரிந்தது. உன் ஜெபத்தில் பலம் இல்லை, மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு ஜெபித்தால் யார் கேட்பார்கள், நான் வெளியே வரவேண்டும் என்ற எண்ணம் உனக்கு இருக்கிறதா என்று எழுதினேன். அவள் அதற்குப் பதில் போடவில்லை. பதில் வராதபோதே, சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. நிறுத்து என்று இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நடந்துவிட்டுப் போகட்டும், ஒருவேளை பலித்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் கேள். பதில் போடு.

அப்பா


கடலூர்
22.6.2024

ஃபெபிக்கு,

நான் சுகம். அம்மா எப்படி இருக்கிறாள்? அப்பீல் விசாரணை முடிந்தது, தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மழை பெய்தது இங்கே. வேறு செய்தி இல்லை.

அப்பா


சேக்காடு
7.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. அம்மாவின் எடை முப்பத்தொன்பது கிலோ. பெரியம்மா திரும்ப வருகிறார்கள். நான் கம்பெனிக்கு அரை நாள் போகிறேன், அந்த நேரம் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். கஞ்சியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

ஜனவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தை நான் மார்ச் ஐந்தாம் தேதியே படித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்டார்கள். தேடும்போது அம்மாவின் பைபிள் உறைக்குள் இருந்தது. அதன்பின்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். அம்மா ஏன் சாப்பிடாமல் இருந்தாள் என்று நீங்கள் கேட்டு எழுதியதை ஐ.சி.யூ. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்தேன். நான் என்னுடையதைச் சொன்ன பிறகுதான் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. அடுத்த வேளைக்கு என்ன மசிக்க வேண்டும் என்றுதான் யோசனை போகிறது.

ஒன்று மட்டும் நடந்தது. போன மாதம் ஒரு நாள், பொய் சொல்லி அலுத்துப்போய், அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அப்பா ஜெயிலில் இருக்கிறார், இரண்டு வருடமாகிறது என்றேன். அம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

“அவரு அங்க கீறாரு, நான் இங்க குந்திகினு துன்னுவனா? அவரு வர்ற வரைக்கும் எனக்கு வேணாம்” என்றாள்.

அன்று முழுக்க ஒரு வாய் வாங்கவில்லை. தண்ணீருக்கும் உதட்டைத் திறக்கவில்லை. கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் செய்தேன். மறுநாளும் இப்படியே இருந்தால் கூட்டி வாருங்கள், மறுபடி குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். காலையில் எழுந்ததும், “பசிக்குதுடி, அப்பா ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாரா?” என்று கேட்டாள். போயிட்டாரும்மா என்றேன். இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

அதன்பிறகு நான் உண்மையைச் சொல்வதில்லை.

ஃபெபி


கடலூர்
24.7.2024

அன்பு மகள் ஃபெபிக்கு,

திங்கட்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது. குற்றம் குற்றம்தான் என்று சொல்லி, இதுவரை உள்ளே இருந்ததே போதும் என்று தண்டனையைக் குறைத்துவிட்டார்கள். உத்தரவு நகல் இங்கே வந்து சேர்ந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் என்கிறார்கள். செய்தி கேட்டதும் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் போய் முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்ய நினைத்திருப்பது ஒன்றே ஒன்று. அம்மாவின் காலில் விழுந்து, நான் எழுதிய கடிதத்தையும், எங்கே இருந்தேன் என்பதையும், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அவளுக்குப் புரிந்தாலும் சரி, புரியாவிட்டாலும் சரி. அதைச் சொல்லாமல் அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா


சேக்காடு
30.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். தீர்ப்பு விஷயத்தை வக்கீலும் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டது என்று பெரியம்மா சபையில் எல்லோர் முன்னும் சாட்சி சொல்லப்போவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன்.

உங்களைக் கூட்டிவர நான் கடலூருக்கு வர முடியாது. அம்மாவை ஒரு நாள் முழுக்க விட முடியாது. சென்னைக்கு பஸ் ஏறி, சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயிலில் வந்துவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருக்கிறது.

காலில் விழ வேண்டாம் அப்பா. அழ வேண்டாம். எங்கே இருந்தீர்கள் என்று அவளிடம் சொல்லவும் வேண்டாம். சொன்னால் உங்களுக்கு மனம் லேசாகும். அவள் தட்டைத் தள்ளிவிடுவாள். மறுநாள் அவளுக்கு மறந்துபோகும், உங்களுக்கு மறுபடி சொல்லத் தோன்றும். ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதுச் செய்தி. நாற்பத்தொரு கிலோவுக்கு வந்திருக்கிறாள். இதற்கு ஐந்து மாதம் ஆனது.

உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் என்னிடம் சொல்லுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதையும் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு மணிக்கு அவளுக்கு மதியச் சாப்பாடு. முடிந்தால் அந்த நேரத்துக்கு வந்து சேருங்கள். உள்ளே வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருங்கள். இளைத்துப் போயிருக்கிறாள், முடி உதிர்ந்திருக்கிறது, பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டாதீர்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பாள். ஓவர்டைம் என்று சொல்லுங்கள். அதற்கு அவள் ஏதாவது திட்டினால் திட்டட்டும்.

உங்களுக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். இறங்காவிட்டாலும் சாப்பிடுங்கள். நீங்கள் சாப்பிட்டால்தான் அவள் சாப்பிடுவாள்.

உங்கள் மகள்,
ஃபெபி